மைவியின் தலையில் இரண்டு கயாக்குகள்: ஜே வடிவத் தாங்கிகளோடு ஆறு நாள்

பெரோடுவா மைவி போன்ற ஒரு சிறிய காரின் கூரையில் கயாக் எனப்படும் துடுப்புப் படகுகள் இரண்டை ஏற்றிக்கொண்டு, படுக்கையும் சமையலறையும் உள்ள மோட்டார் ஹோம் என்னும் வாடகை வண்டி ஒன்றின் பின்னாலேயே பினாங்கிலிருந்து பேராக்கிலுள்ள தெமெங்கோர் ஏரிவரை போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டால், முடியும். ஜே என்னும் ஆங்கில எழுத்தைப் போல வளைந்த தாங்கிகளைக் கொண்டு நாங்கள் அதைச் செய்துவிட்டு வந்திருக்கிறோம். கயாக் எதுவும் விழவில்லை. காரின் வண்ணத்தில் இரண்டு கீறல்களைத் தவிர வேறு சேதமும் இல்லை. ஆனால் அதே தாங்கிகளை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குவேனா என்றால், ஒரு நிபந்தனையோடுதான் வாங்குவேன்: தூக்குவதற்கு எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், அவர்கள் ஏறி நிற்க ஒரு படியும் இருக்க வேண்டும். ஆறு நாளில் எங்களைப் பயமுறுத்திய தருணங்கள் எல்லாம் வண்டி நின்றிருந்தபோதுதான் நடந்தன, ஓடியபோது அல்ல.

எங்களைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மற்றவை விளங்கும். எனக்கு வயது 58, மனைவிக்கு 55. ஜெலுத்தோங்கில் வரிசை வீடு. வாசலில் ஒரு கார் நிற்கும் அளவே இடம். எங்களிடம் இருப்பவை மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் வகையைச் சேர்ந்த இரண்டு பிளாஸ்டிக் கயாக்குகள். ஒவ்வொன்றும் 2.9 மீட்டர் நீளம், 76 சென்டிமீட்டர் அகலம், 19 கிலோ எடை. இதுவரை நண்பர் ஒருவரின் பிக்கப் வண்டியில் போட்டு தெலுக் பஹாங்குக்குக் கொண்டுபோய் வந்தோம். நண்பர் கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனதும் அந்த வசதி நின்றுபோனது. பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வாரத்தில் மோட்டார் ஹோம் எடுத்து ரபான் ஏரிக்கும் தெமெங்கோருக்கும் போகலாம் என்று முடிவானபோது, கயாக்குகள் எதில் வரும் என்பதுதான் முதல் கேள்வியாக நின்றது.

மோட்டார் ஹோமின் மேலேயே கட்டிவிட்டால் என்ன என்று பலரும் கேட்டார்கள். நாங்கள் எடுத்த வண்டியின் கூரை தரையிலிருந்து ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தது. பின்புறத்தில் ஓர் ஏணி இருந்ததென்றாலும், 19 கிலோ எடையுள்ள வழுக்கும் பிளாஸ்டிக்கைத் தோளில் சுமந்துகொண்டு அதில் ஏறுவது எங்கள் வயதில் செய்யக்கூடிய காரியமல்ல. அதோடு கூரையில் குளிர்சாதனப் பெட்டியும் காற்றுப்போக்கித் திறப்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. வாடகை ஒப்பந்தமும் கூரையில் எதையும் ஏற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. உள்ளே வைப்பதாக இருந்தால் படுக்கைக்கு மேல்தான் வைக்க வேண்டும். ஆக, படுக்கவும் சமைக்கவும் மோட்டார் ஹோம், கயாக்குகளுக்கு மைவி என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் குறுக்கிட்டார். அங்கே மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் ஒரு சிறிய காரை இழுவைக் கம்பியால் பின்னால் பிணைத்து, நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போவதும், முகாமில் பெரிய வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிய காரில் கடைகண்ணிக்குப் போவதும் வழக்கம். “மச்சான், ரெண்டு டிரைவர் எதுக்கு? இழுத்துக்கிட்டே போங்க” என்றார். யோசனை நல்லதுதான், எங்கள் மைவிக்குப் பொருந்தாது. எங்களுடையது 2018ஆம் ஆண்டு வண்டி, நான்கு வேகத் தானியங்கி கியர். இத்தகைய தானியங்கி கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜின் ஓடும்போதுதான் வேலை செய்யும். இன்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரங்களை மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உருளவிட்டால் உள்ளே எண்ணெய் எட்டாமல் உறுப்புகள் தேய்ந்துபோகும். அங்கே ஜீப் ராங்ளர் போன்ற வண்டிகளை இதற்கு விரும்பி வாங்குவதற்குக் காரணம், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்துச் சக்கரங்களைக் கியர்ப் பெட்டியிலிருந்து பிரித்துவிட முடிவதுதான். மைவியில் அப்படி ஒரு வசதி கிடையாது.

இழுத்துப் போகிறவர்களுக்கு, அதிலும் கூரையில் கயாக் ஏற்றியவர்களுக்கு, இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு என்பதை மைத்துனரே பிறகு ஒப்புக்கொண்டார். இப்படிப் பிணைத்த காரோடு பின்னோக்கி நகர முடியாது. நகர்ந்தால் காரின் முன்சக்கரங்கள் தறிகெட்டுத் திரும்பி இழுவைக் கம்பியை வளைத்துவிடும் என்பதால், எண்ணெய் நிலையத்தில் தவறான வரிசையில் நுழைந்துவிட்டால்கூட இறங்கிக் காரைக் கழற்றியாக வேண்டும். மற்றொன்று, கயாக்கின் முனை போனட்டைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், கூர்மையான வளைவில் திரும்பும்போது அது மோட்டார் ஹோமின் பின்சுவரில் போய் இடிக்கும். நேராக நிற்கும்போது ஒரு மீட்டர் இடைவெளி இருப்பதாகத் தெரிவது, முழுதாகத் திருப்பும்போது ஒரு பக்கத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். இழுப்பதற்கு ஏற்ற கார் வைத்திருப்பவர்கள் வெற்று மைதானம் ஒன்றில் முழு வளைவு திரும்பிப் பார்த்து, அந்த நிலையில் கயாக்கின் முனைக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்துவிட்டுச் சாலைக்கு வருவது நல்லது. எங்களுக்கு அந்தக் கவலையே எழவில்லை. நான் மோட்டார் ஹோமை ஓட்ட, மனைவி மைவியை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வாடகை ஒப்பந்தமும் எதையும் இழுக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தது.

இனி தாங்கிகளுக்கு வருகிறேன். கயாக்கைக் கூரையில் வைக்க மலிவான வழி, நுரைக் கட்டைகளின்மேல் அதைக் கவிழ்த்து வைப்பது. சற்று மேலான வழி, படகின் அடிவயிற்றுக்கு ஏற்றபடி வளைந்த சேணம் போன்ற தாங்கிகளில் அதைத் தட்டையாக உட்கார வைப்பது. ஒரே ஒரு கயாக் இருந்திருந்தால் நான் இந்தச் சேணத் தாங்கியையே வாங்கியிருப்பேன். இரண்டைத் தட்டையாக அடுக்கினால் 152 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். எங்கள் கூரைக் கம்பியில் பயன்படுத்தக்கூடிய நீளமோ 110 சென்டிமீட்டர்தான். ஜே வடிவத் தாங்கி கயாக்கை விளிம்பில் சாய்த்து நிறுத்துவதால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. சிறிய கார் வைத்திருப்பவர்களை இந்தத் தாங்கியின் பக்கம் தள்ளுவது இந்த ஒரு கணக்குதான்.

மைவியின் கூரையில் கம்பிகளைப் பொருத்துவதற்கான தண்டவாளம் கிடையாது. கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்களை வாங்கி, அவற்றின்மேல்தான் குறுக்குக் கம்பிகளை வைக்க வேண்டும். தூலி நிறுவனம் ‘எவோ கிளாம்ப்’ என்ற பெயரில் விற்பது இந்த வகைக் கால்தான். வேறு நிறுவனங்களும் இதே அமைப்பில் செய்கின்றன. கவ்வும் தகடும் அதன் அடியிலுள்ள ரப்பர் மெத்தையும் ஒவ்வொரு காரின் கூரை வளைவுக்கும் தனியாக வடிவமைக்கப்படுபவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாது. பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், முந்தைய தலைமுறை மைவிக்கான தகட்டை என் காருக்குப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கயாக் ஏற்றி பத்து ஃபிரிங்கியின் வளைவுகளில் ஒத்திகை பார்த்துவிட்டு தெலுக் பஹாங்கில் இறங்கியபோது, பின்கம்பி ஒரு விரல் அகலத்துக்குப் பின்னால் நழுவியிருந்ததைக் கண்டேன். அந்தக் கீறல்களில் ஒன்று அன்று விழுந்ததுதான். திரும்பக் கொண்டுபோனபோது, அங்கே வேலை செய்த தம்பி பெட்டியிலிருந்த எண்ணைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு, “அண்ணே, இது பழைய மைவிக்கு உள்ளது” என்று சொல்லிச் சரியானதை மாற்றிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. மூன்றாம் தலைமுறை மைவி வந்தது 2017 நவம்பரில். வாங்குகிறவர்கள் தங்கள் காரின் ஆண்டைச் சொல்லி, பெட்டியின்மேல் அதே ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தாங்களே பார்த்துவிடுவது நல்லது.

எடைக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காரின் கையேட்டில் கூரைக்கென்று குறிக்கப்பட்டிருக்கும் எடை கயாக்குகளுக்கு மட்டும் உரியதல்ல. கம்பிகளும் தாங்கிகளும் அதற்குள்தான் அடங்க வேண்டும். எங்களுக்குக் கயாக்குகள் 38 கிலோ, கம்பிகளும் கால்களும் 5 கிலோ, நான்கு தாங்கிகள் 4 கிலோ, ஆக மொத்தம் 47 கிலோ ஆயிற்று. துடுப்பு, மிதவை அங்கி, நங்கூரக் கயிறு எதையும் கயாக்குக்குள் விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் மோட்டார் ஹோமில் போட்டதற்கு இதுவே காரணம். இந்தக் கணக்கில் பார்த்தால், மீன்பிடிக் கயாக் என்று விற்கப்படும் 30 கிலோவுக்கு மேற்பட்ட கனமான வகைகள் இரண்டை இப்படிப்பட்ட சிறிய காரில் ஏற்றுவது பற்றி யோசிக்கவே கூடாது.

ஏற்றும் வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மைவியின் உயரம் 1.515 மீட்டர், சராசரி உயரமுள்ள ஒருவருக்கு முக மட்டம். சிறிய காரின் பெரிய நன்மை இதுதான்: கூரை கைக்கு எட்டும். ஆனால் ஜே தாங்கியின் கொக்கி அந்தக் கூரையிலிருந்து இன்னும் ஒரு முழத்துக்குமேல் எழுந்து நிற்கிறது, கயாக்கோ வெளிப்பக்கத்திலிருந்து அதற்குள் நுழைய வேண்டும். ஆகவே கயாக்கைத் தலைக்குமேல் உயர்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, தாங்கியின் கீழ்வளைவில் இறக்கியபின் மேல்கொம்பில் சாய்க்க வேண்டும். நான் முன்முனையில், மனைவி பின்முனையில். “ஏங்க, கொஞ்சம் இறக்குங்க, எனக்கு எட்டல” என்று அவர் சொன்னது முதல் நாளில் மட்டும் ஏழெட்டு முறை இருக்கும். அவர் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். கயாக் அவர் பக்கம் தாழ, என் பக்கம் உயர, கொம்பின் விளிம்பு கயாக்கின் அடியில் உரசி, ஒரு முறை அது கைநழுவிக் கதவின்மேல் சரிந்தது. இரண்டாவது கீறல் அது. அன்று மாலையே லெங்கோங்கில் ஒரு வன்பொருள் கடையில் இரண்டு படிகள் உள்ள மடக்கு ஏணி ஒன்றை வாங்கினோம். மறுநாள் முதல் மனைவி அதன்மேல் நின்று பின்முனையை வாங்கிக்கொள்ள, வேலை பாதி நேரத்தில் முடிந்தது. ஏணியில்லாமல் எடுத்துக்கொண்டது இரண்டு கயாக்குக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். ஏணியோடு பன்னிரண்டு நிமிடம்.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கடினம் என்பதையும் யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஏற்றும்போது உடலில் தெம்பு இருக்கும். இறக்கும்போதோ நீண்ட தூரம் ஓட்டி வந்த களைப்பு, கொம்பிலிருந்து வெளியே இழுத்ததும் எடை முழுவதும் ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும் அதிர்ச்சி. தனியாகப் பயணம் செய்பவர் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், இந்தத் தாங்கி உங்களுக்கல்ல. தூலியின் ‘ஹல்லவேட்டர்’ போன்ற, வாயு உந்துதண்டின் உதவியோடு காரின் பக்கவாட்டில் இடுப்பளவுக்கு இறங்கி வந்து, கயாக்கை வாங்கிக்கொண்டு மேலே எழும் தாங்கி ஒன்று உண்டு. ஆனால் அது சாதாரணத் தாங்கியைவிடப் பல மடங்கு விலை, தன்னளவிலேயே கனமானதும்கூட. 47 கிலோவில் நிற்கும் என் கணக்கில் அதற்கு இடமில்லை.

கட்டும் பட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தாங்கியோடு பெட்டியில் வந்த பட்டைகளை நான் பயன்படுத்தவில்லை, அவை நைலான். நைலான் நனைந்தால் நீளும். எங்கள் ஊர் மழையில் நனையாத நாள் ஏது? பாலியெஸ்டர் பட்டைகள் அவ்வளவாக நீளாதவை, அவற்றையே தனியாக வாங்கினேன். கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள் உள்ள பட்டையே கயாக்குக்கு ஏற்றது. லாரிக்காரர்கள் பயன்படுத்தும், நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை நம் கைக்கு உணர்த்தாமலேயே அளவுக்கு மீறி இறுக்கிவிடும். கயாக்கின் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் உடலோ வெயிலில் இளகக்கூடியது. நடுப்பகல் வெயிலில் ராட்செட்டால் நெரித்துக் கட்டி, காரைத் திறந்தவெளியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது கயாக்கின் அடியில் ஒரு பள்ளம் உங்களை வரவேற்கும். பட்டை காற்றில் அதிர்ந்து எழுப்பும் ரீங்காரத்தை நிறுத்த, மேற்பகுதியில் அதை ஒரு சுற்று முறுக்கிவிட்டுக் கட்டினால் போதும். இந்தச் சின்ன வித்தை தெரியாமல், ஒத்திகைப் பயணம் முழுவதும் காருக்குள் வண்டு புகுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முன்முனைக் கயிற்றைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நீண்ட காரில் அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். மைவியில் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் இடையே எங்களுக்குக் கிடைத்த தூரம் 70 சென்டிமீட்டர். அதன்மேல் நிற்கும் கயாக்கின் நீளமோ 2.9 மீட்டர். முன்னும் பின்னும் ஒரு மீட்டருக்கு மேல் பிடிமானமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த நெம்புகோலைக் காற்று தூக்கும்போது, விசை முழுவதும் அந்த 70 சென்டிமீட்டரில் வந்து இறங்குகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவது. மணிக்கு 80 கிலோமீட்டரில் இருப்பதைப்போல 110இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெடுஞ்சாலை 110 வரை அனுமதித்தாலும் மனைவி 85ஐத் தாண்டவில்லை, மோட்டார் ஹோமும் அதற்குமேல் ஓடும் பிராணி அல்ல. முன்கயிற்றைக் கட்ட மைவியின் முன்பக்கத்தில் கொக்கி எதுவும் வெளியே தெரியாது. போனட்டுக்கு அடியில், முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துணிப்பட்டை வளையம் ஒன்றைப் பொருத்தி, தேவைப்படும்போது வெளியே இழுத்துவிட்டு போனட்டை மூடிக்கொள்ளலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையங்கள். தாங்கிகளைவிட நான் மனமாரப் பாராட்டுவது இவற்றைத்தான். பின்முனைக்கு, பின்கதவின் இடுக்கில் மாட்டி மூடும் வளையங்கள் போதுமானவையாக இருந்தன.

இத்தனையும் உண்மையில் சோதிக்கப்பட்ட இடம் பினாங்குப் பாலம். 1985இல் திறக்கப்பட்ட இந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின்மேல். 2014இல் திறந்த இரண்டாவது பாலமோ 24 கிலோமீட்டர், அதில் கடலின்மேல் ஓடுவது 16.9. பக்கவாட்டுக் காற்றில் எவ்வளவு குறைந்த நேரம் நிற்கிறோமோ அவ்வளவு நல்லது என்று முதல் பாலத்தையே தேர்ந்தெடுத்தோம். முன்பு போல் பெர்ரியில் காரை ஏற்றிக்கொண்டு நிதானமாகக் கடக்கும் வழி 2021 முதல் இல்லை. அந்தச் சுகத்தை நினைத்து நான் பெருமூச்சு விடுவதை மனைவி இப்போதும் கேலி செய்வார். பாலத்தின் நடுவில் மேடேறும் பகுதியில் பக்கக் காற்று வீசியபோது, விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் கயாக்குகள் பாய்மரம் போல அதை வாங்கின என்பது பின்கண்ணாடியில் பார்த்த எனக்கே தெரிந்தது. ஸ்டீயரிங்கை யாரோ மெல்லத் தட்டுவது போல் இருந்தது என்று மனைவி பிறகு சொன்னார். தட்டையாகக் கிடக்கும் கயாக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஜே தாங்கியின் மாற்றமுடியாத குறை இது.

டோல் விஷயத்தில் ஒரு குறிப்பு: பின்னால் இரட்டைச் சக்கரங்கள் உள்ள மோட்டார் ஹோமுக்கு ஆறு சக்கரக் கணக்கு என்பதால் அது இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் வரும், மைவிக்கு வழக்கமான கட்டணம்தான், கூரையில் என்ன இருந்தாலும்.

சங்காட் ஜெரிங்கைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று ஊர்க்காரர்கள் பந்தயம் கட்டிய கதை எல்லோருக்கும் தெரிந்ததே. புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்ததால் நாங்களும் ஊர்ந்தோம். ஓய்வுத்தலத்தில் இறங்கிப் பட்டைகளை இழுத்துப் பார்த்தேன், பாலியெஸ்டர் அசையவில்லை. கயாக்குகள் விளிம்பில் நிற்பதால் இருக்கைக் குழியில் மழைநீர் தேங்காமல் வழிந்தோடியதையும் கண்டேன். நிமிர்த்தித் தட்டையாக வைத்திருந்தால் குழிகளில் தேங்கும் நீரின் எடையும் கூரையில்தான் ஏறியிருக்கும். காற்றில் இழந்ததை மழையில் திரும்பப் பெற்றோம் என்று கொள்ளலாம்.

ரபான் ஏரியில்தான் இரண்டு வண்டி ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. கோலகங்சாரிலிருந்து 76ஆம் எண் சாலையில் வந்து, மோட்டார் ஹோமைச் சாலையோரத்து அகன்ற இடத்தில் நிறுத்திவிட்டு, நீரின் ஓரம்வரை இறங்கும் குறுகிய மண்பாதையில் மைவியை மட்டும் கொண்டுபோனோம். அந்தப் பாதையில் மோட்டார் ஹோம் இறங்கியிருந்தால் மேலே ஏறியிருக்காது. கயாக்கை இறக்கி நீரில் விடப் பத்தடி தூக்கினால் போதுமாயிருந்தது. இந்த ஏரி 1930இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டெரோ அணையால் உண்டானது. நாட்டின் மிகப் பழைய நீர்மின் அணை அதுதான். காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் துடுப்புப் போட்டதைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம்.

அங்கிருந்து கிரிக் வழியாக, தெமெங்கோர் ஏரியிலுள்ள பண்டிங் தீவுக்கு. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் யானை கடக்கும் எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல என்பதால் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அரச பெலும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நாங்கள் பண்டிங்கை ஒட்டிய நீர்ப்பரப்பிலேயே சுற்றினோம். மலைச்சாலையின் மேடு பள்ளங்களுக்குப் பிறகு தாங்கிகளின் கொம்பை நிமிர்த்திப் பிடிக்கும் திருகுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. மடக்கி வைக்கக்கூடிய ஜே தாங்கிகளில் அந்த மூட்டுதான் பலவீனமான இடம். மடக்க வேண்டிய தேவை இல்லாதவர்கள் ஒரே வளைவாகச் செய்யப்பட்ட, மூட்டில்லாத வகையை வாங்கலாம்; விலையும் குறைவு. எங்களுக்கு மடக்குவது தேவைப்பட்டது. கயாக் ஏற்றிய நிலையில் காரின் உயரம் 2.31 மீட்டர் என்று அளந்து, அந்த எண்ணை எழுதி ஸ்டீயரிங்குக்குமேல் ஒட்டியிருந்தோம். கயாக்கை இறக்கியபின் கொம்புகளை மடக்கினால்தான் ஜார்ஜ்டவுனில் உயரத்தடை வைத்த வாகன நிறுத்துமிடங்களுக்குள் தயங்காமல் நுழைய முடிகிறது.

எரிபொருள் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடுதலாகச் செலவானது. திரும்பும் வழியில் தாங்கிகளின் நுரைமெத்தை இரண்டு இடங்களில் கிழிந்திருந்தது. கொம்பின்மேல் உரசி ஏற்றியதன் விளைவு, தயாரிப்பின் குறை என்று சொல்ல மாட்டேன். பழைய யோகா பாயிலிருந்து வெட்டி ஒட்டிவிட்டேன். கம்பிகள், கால்கள், தாங்கிகள், நல்ல பட்டைகள் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. அதில் இரண்டாம் கையாக வாங்கியவை தாங்கிகள் மட்டும்தான். கால்களையும் பட்டைகளையும் இரண்டாம் கையாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; முன்னதில் தகடு மாறியிருக்கும், பின்னதில் வெயில் நூலை அரித்திருக்கும்.

காற்றடைத்த கயாக்கைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். டெக்கத்லான் கடையில் இட்டிவிட் என்ற பெயரில் வாங்கிய வகை ஒன்று என் மகளிடம் இருக்கிறது. மடித்தால் ஒரு பெரிய பையில் அடங்கும். மோட்டார் ஹோமின் பக்கப் பெட்டியில் போட்டுவிடலாம். கூரை, கம்பி, ஏணி எதுவும் வேண்டாம். நீரில் அது சற்று மிதந்து அலைகிறது, காற்றடித்தால் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. ரபான் போன்ற அமைதியான ஏரிக்கு அதெல்லாம் ஒரு குறையே அல்ல. குறை, உலர்த்துவதில்தான். ஈரத்தோடு மடித்து வைத்தால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். மோட்டார் ஹோம் பயணத்தில் தினமும் அதை விரித்துக் காயவைக்க இடமும் வெயிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபிறகு, மார்ச்சில், கென்யிர் ஏரிக்குப் போக எண்ணியிருக்கிறோம். அப்போது பிளாஸ்டிக் கயாக்குகளில் ஒன்றை மட்டும் ஓட்டுநர் பக்கத்துத் தாங்கிகளில் ஏற்றிக்கொண்டு, மற்றதற்குப் பதிலாக மகளின் காற்றடைத்த கயாக்கைப் பெட்டியில் போட்டுக்கொள்வதாகத் திட்டம். போனட் வளையங்கள் காரிலேயே இருக்கின்றன, மடக்கு ஏணியும் அப்படியே. தளர்ந்த இரண்டு திருகுகளுக்கு நைலான் பூட்டு உள்ள நட்டுகளை மாட்டிவிட்டேன்.